இரண்டு காவிகளுக்கு இடையே கோணம்: ஓயாமல் வரும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் உயர்தர (ஏ/எல்) மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். காவிகள் (பருமனும் திசையும் உள்ள கணியங்கள், வெக்டர்கள்) தொடங்கிய கிழமையிலிருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வந்து குவியும். குரல்கள்தான் மாறும், கேள்விகள் மாறா. அதனால் ஒரே தடவையாக எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சும் மலையகப் பேச்சும் கொழும்புப் பேச்சும் கலந்துதான் கிடக்கும்.

குறியீடு பற்றி ஒரு சொல். காவிகளை க, ச, த என்று அழைக்கிறேன். இடையிலுள்ள கோணம் தீற்றா. (3, 4) என்றால் கிழக்கே 3, வடக்கே 4. |க| என்பது க-வின் பருமன், அதாவது நீளம். நேரமில்லாதவர்கள் 8ஆம் கேள்வியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள். புள்ளிகள் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான்.

1. மிஸ், யூடியூபில வெக்டர் எண்டு சொல்றாங்கள், எங்கட புத்தகத்தில காவி எண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டா?

ஒன்றேதான். இலங்கைப் பாடநூலில் காவி. தமிழ்நாட்டில் வெக்டர் அல்லது திசையன். நாங்கள் எண்ணிப் பெருக்கம் என்பதை அங்கே புள்ளிப் பெருக்கம், ஸ்கேலர் பெருக்கம் என்பார்கள். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பதால் ஒரு பெயர், விடையாக வெறும் எண் வருவதால் மற்றப் பெயர். சோதனைத் தாளில் எங்கள் சொல்லையே எழுதுங்கள்.

2. எண்ணிப் பெருக்கம் எண்டா உண்மையில என்ன? பெருக்கிக் கூட்டுறது மட்டுந்தானா?

பெருக்கிக் கூட்டுவது கணிக்கும் வழி. (3, 4), (12, 5) இரண்டையும் எடுத்தால் 3 × 12 + 4 × 5 = 56. செய்வது சுலபம் என்பதால் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்த 56 எதைச் சொல்கிறது என்று கேட்டால் வகுப்பே மௌனம்.

மழைக்கு நின்றுபோன ஒரு த்ரீவீலரைத் தள்ளுவதாக நினையுங்கள். பின்னால் நின்று தள்ளினால் உங்கள் பலம் முழுதும் வண்டியை முன்னே நகர்த்தும். சரிவாக நின்று தள்ளினால் பலத்தில் ஒரு பங்குதான் வண்டி போகும் திசைக்கு உதவும். பக்கவாட்டில் நின்று தள்ளினால் வியர்வைதான் மிச்சம், வண்டி முன்னே போகாது. அந்த உதவுகிற பங்கைத்தான் எறியம் என்கிறோம். அதன் அளவு |க| கோசைன் தீற்றா. அதை ச-வின் பருமனால் பெருக்கினால் எண்ணிப் பெருக்கம்:

க · ச = |க| |ச| கோசைன் தீற்றா

பௌதிகவியலில் விசையையும் இடப்பெயர்ச்சியையும் வைத்து வேலையைக் கணிக்கிறீர்களே, அதுவும் இதே பெருக்கம்தான். ஆக, 56 என்ற எண்ணுக்குள் மூன்று விடயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: க-வின் நீளம், ச-வின் நீளம், இரண்டுக்கும் இடையிலுள்ள சாய்வு. கோணம் காண்பது என்றால் முதல் இரண்டையும் கழற்றிவிட்டு மூன்றாவதை மட்டும் எடுப்பது.

3. சூத்திரத்தை விடுங்கோ, ஒரு கணக்கு முழுசாச் செய்து காட்டுங்கோ.

மேலே உள்ள அதே காவிகள். க = (3, 4), ச = (12, 5). பெருக்கம் 56 என்று கண்டுவிட்டோம். |க| = √(9 + 16) = 5. |ச| = √(144 + 25) = 13. ஆகவே கோசைன் தீற்றா = 56/65, அண்ணளவாக 0.8615. கோணம் 30.5 பாகை.

சரிபார்க்கவும் வழி உண்டு. க கிழக்கோடு 53.1 பாகை சாய்ந்திருக்கிறது, ச 22.6 பாகை. கழித்தால் 30.5. இரு பரிமாணத்தில் இப்படிக் கழித்தே விடை எடுக்கலாம் என்றால் எண்ணிப் பெருக்கம் எதற்கு என்று ஒரு கெட்டிக்காரி கேட்டாள். முப்பரிமாணத்தில் கழிப்பதற்கு ஒரே ஒரு சாய்வு இல்லை. (1, 2, 2), (4, 0, 3) இரண்டையும் எடுங்கள்: பெருக்கம் 4 + 0 + 6 = 10, பருமன்கள் 3, 5. கோசைன் தீற்றா = 10/15 = 2/3, கோணம் 48.2 பாகை. சூத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

4. ஒரு காவியப் பத்து மடங்கு நீட்டினா கோணமும் மாறுமா?

மாறாது. மேலே பத்து, கீழே பத்து, வெட்டுப்படும். அதனால் (30, 40) என்று தந்திருந்தால் (3, 4) என்று சுருக்கிவிட்டுத் தொடங்குங்கள், கணக்கு இலேசாகும். மறை எண்ணால் சுருக்கக் கூடாது. காவி எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும், விடை 180 இலிருந்து கழித்த கோணமாகிவிடும்.

5. ஏன் கோசைன்? சைன் வந்தா என்ன குறைஞ்சு போகும்?

த்ரீவீலருக்குத் திரும்பப் போங்கள். நேர் பின்னால் நின்று தள்ளும்போது கோணம் பூச்சியம், அப்போது உதவி முழுமை, அதாவது 1. பக்கவாட்டில் 90 பாகை, உதவி 0. பூச்சியத்தில் 1 ஆகவும் 90இல் 0 ஆகவும் இருப்பது கோசைன். சைன் இதற்கு நேரெதிர்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. 0 முதல் 180 வரை போகும்போது கோசைன் 1 இலிருந்து −1 வரை இடையில் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு பெறுமானத்துக்கு ஒரு கோணம்தான். சைன் ஏறி இறங்குகிறது. சைன் 0.5 என்று வந்தால் 30 பாகையா 150 பாகையா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். முக்கோணியில் சைன் விதியைப் போட்டுவிட்டு விரிகோணத்தைத் தவறவிட்டவர்களுக்கு இந்த வலி தெரியும்.

6. பெருக்கிக் கூட்டினாலும், நீளமும் கோசைனும் போட்டாலும் ஒரே விடைதான் வருமெண்டு என்னண்டு நம்புறது?

நல்ல கேள்வி. நம்பாதீர்கள், நிறுவிப் பாருங்கள். க, ச இரண்டையும் ஒரே புள்ளியிலிருந்து வரைந்து நுனிகளை இணையுங்கள். ஒரு முக்கோணி வரும். மூன்றாவது பக்கம் க − ச. சாதாரண தரத்தில் நீங்கள் பழகிய பைதகரசின் தேற்றத்துக்கு மூத்த அண்ணன் கோசைன் விதி. அது சொல்வது:

|க − ச|² = |க|² + |ச|² − 2 |க| |ச| கோசைன் தீற்றா

க-வின் கிழக்குக் கூறு க₁, வடக்குக் கூறு க₂, ச-வுக்கும் அப்படியே. இடப்பக்கத்தைக் கூறுகளால் விரியுங்கள். (க₁ − ச₁)² + (க₂ − ச₂)² என்பது |க|² + |ச|² − 2(க₁ச₁ + க₂ச₂) ஆகிறது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால், பொதுவானவை போக, க₁ச₁ + க₂ச₂ = |க| |ச| கோசைன் தீற்றா. அவ்வளவுதான். மூன்றாவது கூறைச் சேர்த்தாலும் இதே வரிகள்தான். எத்தனை பரிமாணமானாலும் இரண்டு காவிகள் ஒரு தளத்தில்தான் படுக்கும்.

எண்ணிலும் பார்ப்போம். (3, 4) − (12, 5) = (−9, −1), அதன் பருமனின் வர்க்கம் 82. 25 + 169 − 82 = 112, பாதி 56. வந்துவிட்டது.

எண்ணிப் பெருக்கத்துக்கு நடுவே வைக்கும் இந்தப் புள்ளிக் குறியைப் பரப்பிய பெருமை யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த கிப்ஸ் என்பவரைச் சேரும். 1881இலும் 1884இலும் தன் மாணவர்களுக்கென்று குறிப்புகளைத் தனிப்பட அச்சடித்துக் கொடுத்தார். கொழும்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னவுடன் விளங்கிவிடும்: அந்தப் புள்ளி பரவத் தொடங்கியது ஒரு டியூட்டில், அதாவது வகுப்பில் கொடுக்கும் அச்சுக் குறிப்பில்.

7. எனக்கு மறை விடை வந்திட்டுது மிஸ். எங்கயோ பிழை விட்டிட்டன், என்ன?

கட்டாயம் பிழை என்று இல்லை. (1, 2) · (−3, 1) = −3 + 2 = −1. பருமன்கள் √5, √10. கோசைன் தீற்றா = −1/√50 = −0.1414. கோணம் 98.1 பாகை. படத்தை வரைந்து பாருங்கள், உண்மையிலேயே விரிகோணம்தான்.

பெருக்கத்தின் குறி இலவசமாகக் கிடைக்கும் தகவல். நேர் என்றால் கூர்ங்கோணம், மறை என்றால் விரிகோணம், பூச்சியம் என்றால் செங்கோணம். வர்க்கமூலம் எதுவும் எடுக்க முன்னரே இது தெரிந்துவிடும். மறைக் குறியைப் பார்த்துப் பயந்து சத்தமில்லாமல் அழித்துவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 98.1 இருக்க வேண்டிய இடத்தில் 81.9 என்று எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டு நேர்கோடுகளுக்கு இடையிலான கூர்ங்கோணத்தைக் கேட்டால் மட்டும் குறியை விடலாம். கோட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, காவிக்கு உண்டு.

8. முக்கோணியில கோணம் கேட்டா, நான் எல்லாம் சரியாத்தான் செய்யிறன். ஆனா விடையில 180இல இருந்து கழிச்சது கிடக்கு. ஏன்?

காவிகள் இரண்டும் ஒரே புள்ளியில் இருந்து புறப்பட வேண்டும். அதை மறந்திருப்பீர்கள். இந்த ஒரு பிழைதான் மற்ற எல்லாப் பிழைகளையும் சேர்த்தாலும் அதிகம் வருவது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அ (1, 1), இ (4, 5), உ (13, 6) என்று மூன்று உச்சிகள். அ-வில் உள்ள கோணத்துக்கு அஇ = (3, 4), அஉ = (12, 5). இது 3ஆம் கேள்வியின் கணக்கேதான்: 30.5 பாகை. இனி இ-யில் உள்ள கோணம். கை தானாகவே என்ன செய்யும்? ஏற்கெனவே எழுதிவைத்த அஇ = (3, 4) ஐத் தூக்கி, புதிதாகக் கண்ட இஉ = (9, 1) ஓடு பெருக்கும். 27 + 4 = 31. பருமன்கள் 5, √82. கோசைன் 0.6847, கோணம் 46.8 பாகை. கணக்கில் ஒரு பிழையும் இல்லை, விடை மட்டும் பிழை. இ-யிலிருந்து புறப்படுவது இஅ = (−3, −4). பெருக்கம் −31, கோணம் 133.2 பாகை.

காலி வீதியில் தெஹிவளைப் பக்கமிருந்து நடந்து வருகிறீர்கள், ஒரு சந்தியில் வேறொரு வீதிக்குத் திரும்புகிறீர்கள். நீங்கள் திரும்பிய அளவு ஒன்று. சந்தியில் நின்று இரண்டு வீதிகளையும் பார்த்தால் அவற்றுக்கு இடையில் தெரியும் கோணம் வேறொன்று. சந்தியில் நிற்பவருக்கு நீங்கள் வந்த வீதி உங்கள் முதுகுப் பக்கம் விரிந்து கிடக்கிறது. அஇ என்பது சந்திக்கு வந்து சேர்கிற அம்பு, இஅ என்பது சந்தியிலிருந்து பார்க்கிற அம்பு. முக்கோணியின் கோணத்தைக் கேட்டால் சந்தியில் நில்லுங்கள், நடந்து வராதீர்கள். கோணம் எந்த உச்சியிலோ அந்த எழுத்துத்தான் இரண்டு காவிகளிலும் முதல் எழுத்து.

மூன்றாவது உச்சி உ-வில் (−12, −5), (−9, −1). பெருக்கம் 113, கோணம் 16.3 பாகை. 30.5 + 133.2 + 16.3 = 180. கூட்டிப் பார்க்க இருபது செக்கன் போதும். நான் படிக்கிற காலத்தில் அந்த இருபது செக்கனைச் செலவழிக்காமல் ஒரு மாதிரிப் பரீட்சையில் 46.8 மாதிரியான ஒரு விடையை அழகாகக் கட்டம் கட்டி வைத்திருக்கிறேன். திருத்தியவர் அந்தக் கட்டத்தைச் சுற்றி இன்னொரு கட்டம் போட்டிருந்தார், சிவப்பில்.

9. பூச்சியம் வந்தா எப்பவும் செங்குத்துத்தானா?

இரண்டுமே பூச்சியக் காவி இல்லையென்றால், ஆம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கை வழியே எவ்வளவு நடந்தாலும் காலி வீதி வழியே நீங்கள் முன்னேறுவதில்லை, கிட்டத்தட்ட. (அளந்து பார்த்தால் எல்லா ஒழுங்கையும் சரியாக 90 இல்லை, வரைபடத்தைப் பார்த்து என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.)

ஒன்று பூச்சியக் காவியானால் பெருக்கம் பூச்சியம்தான், ஆனால் கோணம் என்று ஒன்று இல்லை. சூத்திரத்தின் கீழே பூச்சியம் வந்து வகுக்க முடியாமல் போகும். திசையே இல்லாத ஒன்று எதோடு சாய்ந்திருக்கும்? கேள்வித்தாளில் "பூச்சியமல்லாத காவிகள்" என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

10. சோதனையில கல்குலேட்டர் விடமாட்டாங்க தானே? அப்ப 30.5 எல்லாம் எப்படி எடுக்கிறது?

எடுக்க மாட்டீர்கள். உயர்தர இணைந்த கணிதத்தில் கணிப்பான் இல்லை, அதனால் கேள்வி போடுபவரே உங்களுக்காக எண்களைத் தெரிந்தெடுத்திருப்பார். (1, √3), (√3, 1): பெருக்கம் 2√3, பருமன்கள் 2, 2. கோசைன் √3/2, கோணம் 30 பாகை. (1, 1, 0), (0, 1, 1): கோசைன் 1/2, 60 பாகை. 1/2, 1/√2, √3/2, இவற்றின் மறைகள், பூச்சியம்: இந்த ஏழில் ஒன்று வரவில்லையென்றால் முதலில் உங்கள் கூட்டலைச் சந்தேகியுங்கள். உண்மையிலேயே 56/65 தான் என்றால் "கோசைன் நேர்மாறு 56/65" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

11. ஃபோன்ல போட்டா 0.53 வருது, ஃப்ரெண்டுக்கு 30.5 வருது. ஆர் சரி?

இருவரும். உங்கள் ஃபோன் ஆரையனில் சொல்கிறது, அவருடையது பாகையில். 180 ஆல் பெருக்கிப் பையால் (π) வகுத்துப் பாருங்கள்.

12. ஏன் விடை 180க்கு மேல போறதே இல்ல? இடப்பக்கமா வலப்பக்கமா எண்டும் தெரியேல்லையே?

எண்ணிப் பெருக்கத்துக்கு இடமும் வலமும் தெரியாது. க · ச வும் ச · க வும் ஒன்றே. க-விலிருந்து ச-வுக்குத் திரும்புவதும், ச-விலிருந்து க-வுக்குத் திரும்புவதும் அதற்கு ஒரே கோணம். இரண்டு கைகளை விரித்தால் இடையில் உள்ள சிறிய இடைவெளியை மட்டும் அது சொல்லும், அதனால் 0 முதல் 180 வரை.

பக்கம் தெரிய வேண்டுமென்றால் கூறுகளைக் குறுக்காகப் பெருக்கிக் கழியுங்கள்: க₁ச₂ − க₂ச₁. எங்கள் கணக்கில் 3 × 5 − 4 × 12 = −33. மறை, ஆகவே க-விலிருந்து ச-வுக்கு மணிக்கூட்டுத் திசையில் திரும்ப வேண்டும். இந்த 33 சும்மா வந்த எண் அல்ல. 33/65 தான் அந்தக் கோணத்தின் சைன். 33² + 56² = 1089 + 3136 = 4225 = 65². எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு இந்த வரி அலுப்பதில்லை. கணினியில் விளையாட்டுச் செய்யும் பழைய மாணவர்கள் இரண்டு எண்களையும் சேர்த்து இரண்டு மாறிகள் எடுக்கும் தாஞ்சன் நேர்மாறுக்குக் கொடுப்பார்கள். குறியோடு கோணம் நேரடியாக வந்துவிடும்.

13. க · ச = க · த எண்டு வந்தா, க-வ வெட்டி ச = த எண்டு போடலாமா?

கூடாது. (2, 1) · (1, 3) = 5. (2, 1) · (2, 1) = 5. வெட்டினால் (1, 3) உம் (2, 1) உம் ஒன்று என்றாகும். 2ஆம் கேள்வியின் எறியத்தை நினையுங்கள்: க-வின் திசையில் விழும் பங்கு இரண்டுக்கும் ஒன்று என்பதைத் தவிர வேறெதையும் அந்தச் சமன்பாடு சொல்லவில்லை. சரியான அடுத்த வரி க · (ச − த) = 0. அதாவது ச − த என்பது க-வுக்குச் செங்குத்து, அல்லது ச − த பூச்சியம், அல்லது க பூச்சியம். மூன்றையும் எழுதுங்கள்.

14. எண்ணே தராம |க + ச| = |க − ச| எண்டு மட்டும் தந்திட்டுக் கோணம் கேட்டா என்ன செய்ய?

இரண்டு பக்கத்தையும் வர்க்கியுங்கள். ஒரு காவியின் பருமனின் வர்க்கம் என்பது அது தன்னோடு தான் செய்யும் எண்ணிப் பெருக்கம். இடப்பக்கம் |க|² + |ச|² + 2 க · ச, வலப்பக்கம் அதே கோலத்தில் மறையோடு. எஞ்சுவது 4 க · ச = 0. கோணம் 90. வேறு விதமாகச் சொன்னால், மூலைவிட்டங்கள் சமனான இணைகரம் செவ்வகம்.

இதன் தம்பி: |க| = |ச| = |க + ச|. வர்க்கித்தால் பருமனின் வர்க்கத்தை 1 என்று வைத்து 1 + 1 + 2 கோசைன் தீற்றா = 1, கோசைன் −1/2, கோணம் 120. அவசரத்தில் 60 என்று எழுதுபவர்கள் சமபக்க முக்கோணியைக் கற்பனை செய்துவிட்டு, 8ஆம் கேள்வியில் சொன்ன சந்தியில் நிற்காமல் நடந்து வந்திருக்கிறார்கள்.

15. பிள்ளையிட கொப்பியப் பாத்தன். இதால வீட்டுக்கு ஏதும் பிரயோசனம் இருக்கா? நாங்க கூரையில சோலர் பூட்டப் போறம், தெற்குப் பாக்க வேணுமாமே?

ஒரு தகப்பனார் கேட்டது. இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்காது. தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் அலகுக் காவியையும், சூரியனைக் காட்டும் அலகுக் காவியையும் எடுங்கள். இரண்டின் எண்ணிப் பெருக்கம்தான் நேர் வெயிலில் எந்தப் பங்கு தகட்டில் விழுகிறது என்பது. அலகுக் காவி என்பதால் கீழே வகுக்கவும் வேண்டியதில்லை.

கொழும்பு வட அகலக்கோடு 6.9 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் தலைக்கு மேலிருந்து தெற்கே 6.9 + 23.4 = 30.3 பாகை சாய்ந்து நிற்கும். ஜூன் 21ஐ ஒட்டி வடக்கே 16.5 பாகை. ஏப்ரல் முதல் கிழமை நேர் உச்சி, நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும் நாட்கள். தட்டையாகப் படுத்திருக்கும் தகட்டுக்கு டிசம்பர் நண்பகலில் கோசைன் 30.3 = 0.86, ஜூனில் 0.96. இனி 20 பாகை சரிவுள்ள கூரை. தெற்குப் பார்த்தால் டிசம்பரில் கோணம் 10.3, பங்கு 0.98, ஜூனில் 36.5, பங்கு 0.80. வடக்குப் பார்த்தால் டிசம்பரில் கோணம் 50.3, பங்கு 0.64, ஜூனில் 3.5 தான், பங்கு கிட்டத்தட்ட 1. தெற்கு நல்லதுதான், ஆனால் வடக்குக் கூரை வீண் என்று யாராவது சொன்னால் எண்ணைக் கேளுங்கள். சரிவு குறையக் குறைய வித்தியாசமும் குறையும். இது நண்பகல் கணக்கு மட்டும், முகிலும் பக்கத்து மாடி வீட்டின் நிழலும் இதில் இல்லை. வெள்ளவத்தையில் அந்த மாடி வீடுதான் சூரியனைவிட முக்கியம்.

16. புரோகிராம்ல கோசைன் நேர்மாறு போட்டா சிலநேரம் பிழைச் செய்தி வருது. ஒரே காவிய ரெண்டு தரம் குடுத்தாலும் வருது. கணிதமே உடைஞ்சு போச்சா?

கணிதம் உடையாது. |க · ச| ஒருபோதும் |க| |ச| ஐ மிஞ்ச முடியாது. கூட்டுத்தொகைகளுக்கு இதை கோஷி 1821இல் காட்டினார், தொகையீடுகளுக்கு புன்யகோவ்ஸ்கி 1859இலும் ஷ்வார்ஸ் 1888இலும். எந்தப் பரிமாணத்திலும் கோணம் என்ற பேச்சுக்கு இடம் தருவதே இந்தச் சமனிலிதான். சொற்களை நூற்றுக்கணக்கான கூறுகள் கொண்ட காவிகளாக்கி எது எதற்கு நெருக்கம் என்று கணினி பார்க்கும்போதும் இதே கோசைன்தான்.

உடைவது தசமம். கணினி வர்க்கமூலத்தை ஓரிடத்தில் வெட்டி வைக்கும், வகுக்கும்போது 1.0000000000000002 என்று வந்து நிற்கும். அதற்குக் கோசைன் நேர்மாறு இல்லை. நேர்மாறு எடுக்க முன் 1க்கு மேற்பட்டதை 1 ஆகவும், −1க்குக் கீழ்ப்பட்டதை −1 ஆகவும் வெட்டிவிடுங்கள். ஒரே வரி வேலை.

17. பூமியின்ட மையத்தில இருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ரெண்டு காவி போட்டுத் தூரம் பார்த்தன். ஒருக்கா 285 கிலோமீற்றர், ஒருக்கா 299, ஒருக்கா 304. எது சரி?

304. ரோட்டு வழித் தூரம் அல்ல, காகம் பறக்கும் தூரம். வழி சரியானதுதான்: அகலக்கோடு, நெடுங்கோடு இரண்டிலிருந்தும் அலகுக் காவிகளை ஆக்கி, எண்ணிப் பெருக்கம் எடுத்து, கோணத்தைப் பூமியின் ஆரை 6371 கிலோமீற்றரால் பெருக்குவது. கொழும்பு 6.93 வடக்கு, 79.86 கிழக்கு, யாழ்ப்பாணம் 9.66 வடக்கு, 80.02 கிழக்கு. பெருக்கம் 0.99886, கோணம் ஏறக்குறைய 2.74 பாகை.

கோளாறு மட்டந்தட்டலில். 0.99886 ஐ 0.9989 என்று எழுதினால் 299, 0.999 என்று எழுதினால் 285. நாலாவது தசமத்தில் கை வைத்ததற்கு 5 கிலோமீற்றர் போய்விட்டது, மூன்றாவதில் கை வைத்ததற்கு ஏறக்குறைய 19. பூச்சியத்துக்கு அருகில் கோசைன் வளையி மேசை போலத் தட்டையாக இருப்பதுதான் காரணம். கோணம் கொஞ்சம் அசைந்தாலும் கோசைன் அசையாது, ஆகவே கோசைனில் சிறு பிழை கோணத்தில் பெரிய பிழையாகும். 5ஆம் கேள்வியில் கோசைனைப் புகழ்ந்தேன். இது அதன் மறுபக்கம்.

காவிகள் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருந்தால் வேறு வழியால் போங்கள். இரண்டு நுனிகளுக்கும் இடையிலான நாண் |க − ச| ஐ எடுங்கள், பாதியாக்கி சைன் நேர்மாறு போடுங்கள், இரண்டால் பெருக்குங்கள். நாண் 0.0477 என்று மூன்றே இலக்கத்தில் எழுதினாலும் 304 தான் வருகிறது.